ஏவா டுவர்னேயை எதை வைத்து மதிப்பிடுவது: அவர் எடுத்த படங்களையா, அவர் வேலை கொடுத்தவர்களையா?

கார்முகில் எழுதியது:

அமெரிக்க இயக்குநர் ஏவா டுவர்னேயைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் 'முதல் கறுப்பினப் பெண்' என்ற பட்டியலில் வந்து நின்றுவிடுகிறது. 2012-இல் சண்டான்ஸ் விழாவின் அமெரிக்கக் கதைப்படப் பிரிவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்; சிறந்த இயக்குநருக்கான கோல்டன் குளோப் பரிந்துரைக்கு வந்த முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே; நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட, பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவான படமொன்றை இயக்கிய முதல் கறுப்பினப் பெண்ணும் அவரே. இவை அனைத்தும் உண்மை. ஆயினும் இந்தப் பட்டியல் ஒரு தனிமனிதரின் ஏற்றத்தை மட்டுமே சொல்கிறது. அவருக்குப் பின்னால் இரண்டாவது ஆளும் பத்தாவது ஆளும் முப்பதாவது ஆளும் அந்தத் துறைக்குள் வந்தார்களா என்று கேட்டுப் பார்க்கும்போதுதான் அவருடைய பணியின் முழு அளவு தெரிகிறது என்பது என் எண்ணம். அதை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன்.

1972-இல் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் பிறந்த டுவர்னே, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியமும் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகளும் படித்தவர். திரைப்படப் பள்ளிக்குப் போனதில்லை. படங்களுக்கு மக்கள் தொடர்பாளராக, நம் ஊர் வழக்கில் சொன்னால் பி.ஆர்.ஓ.வாக, வேலை பார்த்து, 1999-இல் சொந்தமாக விளம்பர நிறுவனம் தொடங்கினார். கேமராவைக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது 32. இந்தப் பின்னணியை வாழ்க்கைக் குறிப்பாக மட்டும் கடந்துவிடக் கூடாது. ஒரு படம் திரையரங்குக்கு எப்படிப் போகிறது, எந்தப் படத்துக்கு எவ்வளவு விளம்பரம் ஒதுக்கப்படுகிறது, எந்தப் பார்வையாளர்களை ஸ்டூடியோக்கள் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை என்பதையெல்லாம் உள்ளிருந்து பார்த்துவிட்டு இயக்கத்துக்கு வந்தவர் அவர். அதனால்தான் வெறும் 50,000 டாலரில் 'ஐ வில் ஃபாலோ' என்ற முதல் கதைப்படத்தை எடுத்து முடித்தபோது, விநியோகஸ்தர் யாராவது வருவார் என்று காத்திருக்காமல், 2010-இல் தாமே ஒரு விநியோக அமைப்பைத் தொடங்கினார். வெவ்வேறு நகரங்களில் கறுப்பினத் திரைப்பட விழாக்களை நடத்திவந்தவர்களை ஒன்றுசேர்த்து, ஒரே நேரத்தில் படத்தைத் திரையரங்குகளுக்குக் கொண்டுபோவதே அதன் முறை. அந்த அமைப்பு 2015-இல் 'அரே' என்று பெயர் மாறி, வெள்ளையரல்லாத இயக்குநர்கள், எல்லா இனப் பெண் இயக்குநர்கள் ஆகியோரின் படங்களையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது.

கானாவில் எடுக்கப்பட்ட 'தி பரியல் ஆஃப் கோஜோ' என்ற சிறிய படத்தை 2019-இல் இந்த அமைப்புதான் வெளியிட்டது. அதன் இயக்குநர் பிளிட்ஸ் பஸாவுலே நான்கு ஆண்டுகளில் 'தி கலர் பர்ப்பிள்' இசைப்படத்தை ஒரு பெரிய ஸ்டூடியோவுக்காக இயக்கினார். முன்பு சொன்ன 'முதல்' பட்டியலில் இடம்பெறாத இந்தச் செய்தி எனக்கு அந்த விருதுகளைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

திரைநோக்கன் எழுதியது:

கார்முகில் அவர்களின் தகவல்களோடு எனக்கு முரண்பாடு இல்லை, அளவுகோலோடுதான் முரண்படுகிறேன். ஒரு இயக்குநரை அவர் எடுத்த படங்களைக் கொண்டே மதிப்பிட வேண்டும். நல்ல விநியோகஸ்தர், நல்ல முதலாளி, நல்ல அமைப்பாளர் என்பவை மரியாதைக்குரிய தகுதிகள்தான், ஆனால் அவை இயக்கத்துக்கு மாற்றாக மாட்டா. ஒரு ஆண் இயக்குநரைப் பற்றிப் பேசும்போது அவர் எத்தனை பேருக்கு வேலை கொடுத்தார் என்று யாரும் கேட்பதில்லை. காட்சிகளைப் பற்றித்தான் பேசுகிறோம். பெண் இயக்குநர் என்றதும் சமூகப்பணியின் பட்டியலைத் திறப்பதும் ஒருவகையில் அவரைக் கலைஞராக ஏற்கத் தயங்குவதுதான்.

படங்களை எடுத்துக்கொண்டால், 'மிடில் ஆஃப் நோவேர்' மிக நுட்பமானது. சுமார் 2 லட்சம் டாலரில் எடுக்கப்பட்ட அந்தப் படத்தில், சிறையிலிருக்கும் கணவனுக்காகத் தன் மருத்துவப் படிப்பை நிறுத்திவிட்டுப் பேருந்தில் போய்ப் போய் வரும் பெண்ணின் மௌனங்களை அவர் கையாண்ட விதம் அலாதியானது. 2018-இல் வந்த 'எ ரிங்கிள் இன் டைம்' அப்படியில்லை. 1962-இல் வெளிவந்த புகழ்பெற்ற சிறுவர் நாவலை எடுத்துக்கொண்டு, நாயகியாக ஒரு கறுப்பினச் சிறுமியை நடிக்கவைத்தது துணிச்சலான முடிவு. ஆனால் படம் காட்சி அலங்காரத்தில் மூழ்கி, கதையின் பதற்றத்தை இழந்துவிட்டது. உலக அளவில் அதன் வசூல் 13 கோடி டாலரைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. அத்தனை பெரிய செலவுக்கு அது தோல்விதான். நோக்கம் நல்லது என்பதற்காக இதைச் சொல்லாமல் விடுவது அவருக்கே செய்யும் அவமரியாதை என்று கருதுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

திரைநோக்கன் ஐயாவின் முதல் பத்திக்கு மட்டும் மறுமொழி சொல்கிறேன். நான் படத்தொகுப்புத் துறையில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். ஆண் இயக்குநர்கள் யாருக்கு வேலை கொடுத்தார்கள் என்று நாம் கேட்பதில்லை என்பது உண்மை. கேட்காமல் விட்டதன் விளைவுதான் இன்று வரை நடப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தொலைக்காட்சித் தொடர்களில் வேலை எப்படிக் கிடைக்கிறது என்பதைத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்குகிறேன். அமெரிக்கத் தொடர்களில் ஒவ்வொரு எபிசோடையும் வெவ்வேறு இயக்குநர் இயக்குவது வழக்கம். ஒருவரை அழைக்கும் முன் தயாரிப்புத் தரப்பு கேட்கும் முதல் கேள்வி, இதற்கு முன் எந்தத் தொடரின் எபிசோடை இயக்கியிருக்கிறார் என்பதே. எதையும் இயக்கவில்லை என்றால் வாய்ப்பு இல்லை; வாய்ப்பு இல்லாததால் எதையும் இயக்க முடிவதில்லை. திரைவிழாக்களில் பரிசு பெற்ற பெண்கள்கூட இந்த வட்டத்துக்கு வெளியே ஆண்டுக்கணக்கில் நின்றிருக்கிறார்கள். அங்கே தனிநபர்களின் வன்மம் தேவைப்படவில்லை. பழகியவரையே மீண்டும் அழைக்கும் வழக்கமே போதுமானதாக இருந்தது. பெண் இயக்குநர்கள் திட்டமிட்டு ஒதுக்கப்படுகிறார்களா என்று அரசு அமைப்புகள் விசாரிக்க வேண்டும் என்று, குடிமக்களின் உரிமைகளுக்காக வாதாடும் அமெரிக்கக் குடிமை உரிமைகள் ஒன்றியம் (ஏ.சி.எல்.யு.) 2015-இல் வெளிப்படையாகக் கோரும் அளவுக்கு நிலைமை இருந்தது.

அடுத்த ஆண்டு, 2016-இல், ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சியில் டுவர்னேயின் 'குயின் சுகர்' தொடங்கியது. லூசியானாவில் தந்தை விட்டுச்சென்ற கரும்புத் தோட்டத்தைக் காப்பாற்றப் போராடும் மூன்று உடன்பிறப்புகளின் கதை. எல்லா எபிசோடுகளையும் பெண்களே இயக்குவார்கள் என்று அவர் முடிவெடுத்தார். முதல் பருவத்துக்கான அறிவிப்பாக அது நின்றுவிடவில்லை; 2022-இல் ஏழாவது பருவம் முடியும் வரை அந்த விதி மாறவில்லை. 40-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இயக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தொலைக்காட்சித் தொடரில் அதுவே முதல் எபிசோடு. அந்த ஒரு எபிசோடு கையிலிருந்ததால் அடுத்த தயாரிப்பாளரின் முதல் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருந்தது.

அவர் யாரை அழைத்தார் என்பதையும் பாருங்கள். ஜூலி டாஷ் 1991-இல் 'டாட்டர்ஸ் ஆஃப் தி டஸ்ட்' எடுத்தவர். அமெரிக்கத் திரையரங்குகளில் பொதுவாக வெளியான, ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்கிய முதல் முழுநீளப் படம் அது. இன்று அது பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. அப்படிப்பட்டவருக்கு அதன்பின் திரையரங்குக்கு இன்னொரு கதைப்படம் எடுக்க யாரும் பணம் தரவில்லை. செரில் டுன்யே 1996-இல் 'தி வாட்டர்மெலன் உமன்' எடுத்தார். தற்பால் ஈர்ப்புள்ள கறுப்பினப் பெண் ஒருவர் இயக்கிய முதல் முழுநீளக் கதைப்படமாக அது அறியப்படுகிறது. இந்த இருவரையும் 'குயின் சுகர்' இரண்டாம் பருவத்துக்கு டுவர்னே அழைத்தார். இளையவர்களுக்கு வழிவிடுவது ஒரு பக்கம். தமக்கு முன்னால் வந்து, துறையால் கைவிடப்பட்ட மூத்தவர்களுக்கு வேலையைத் திருப்பித் தருவது இன்னொரு பக்கம். இரண்டாவதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

அதே தொடரில் இயக்கிய விக்டோரியா மஹோனி, 'ஸ்டார் வார்ஸ்' வரிசையின் 2019-ஆம் ஆண்டுப் படத்தில் இரண்டாம் படப்பிடிப்புக் குழுவை இயக்கினார். அவர் பெயரை அந்தப் படத்தின் இயக்குநரிடம் சொன்னது டுவர்னே. பரிந்துரையால் வேலை கிடைப்பது திரைத்துறையில் என்றும் இருந்ததுதான். அந்தப் பரிந்துரை யாருக்காகச் செய்யப்படுகிறது என்பதைத்தான் அவர் மாற்றினார்.

வழித்துணை எழுதியது:

ஓர் ஐயம். பெண்கள் மட்டுமே இயக்கலாம் என்பது ஆண்களை ஒதுக்குவது ஆகாதா? சமத்துவம் என்ற பெயரில் இன்னொரு பாகுபாட்டை ஏற்கிறோமா? வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே விடை தேடுகிறேன்.

செங்காந்தள் எழுதியது:

நியாயமான கேள்வி. என் பதில் இதுதான். ஒரு தொடர் முழுவதையும் ஆண்களே இயக்கிய காலம் மிக நீண்டது. அதற்கு யாரும் பெயர்கூட வைக்கவில்லை, அறிவிக்கவும் இல்லை, அது இயல்பு என்று எண்ணப்பட்டது. நூற்றுக்கணக்கான தொடர்கள் ஓடிக்கொண்டிருந்த சந்தையில் ஒரே ஒரு தொடர் வேறு வழியில் போனதால் எந்த ஆண் இயக்குநரும் துறையைவிட்டு வெளியேற நேரவில்லை. மேலும் அந்தத் தொடரின் எழுத்துக்குழுவிலும் நடிப்பிலும் தொழில்நுட்பத்திலும் ஆண்கள் இருந்தார்கள். இயக்குநர் நாற்காலி ஒன்றில்தான் விதி வைக்கப்பட்டது, ஏனெனில் அடைப்பு இருந்தது அங்கேதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2018-இல் 'ஜெசிகா ஜோன்ஸ்' தொடரின் இரண்டாம் பருவத்தில் 13 எபிசோடுகளையும் பெண்களே இயக்கினார்கள். அங்கே அதற்கு முன் அப்படியொரு வழக்கம் இருந்ததில்லை. 'தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை' என்று சொல்லிவந்த துறைக்கு, தேடினால் கிடைக்கிறார்கள் என்பதை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் செய்து காட்டியிருந்தார். விதி வைக்காமல் நல்லெண்ணத்தை மட்டும் நம்பியிருந்தால் இந்தக் காட்சி மாறியிருக்காது என்பது என் உறுதியான கருத்து.

யாழ்நிலவன் எழுதியது:

இந்த இழையில் இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழர்களாகிய நமக்கு டுவர்னேயின் 'அரே' அமைப்போடு நேரடியான ஒரு மனக்குறை உண்டு.

ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி பாய்' 1994-இல் வெளிவந்த நாவல். கொழும்பில் வளரும், தற்பால் ஈர்ப்புள்ள ஒரு தமிழ்ச் சிறுவனின் கதை. 1983 ஜூலை வன்செயலில் அவன் குடும்பம் எல்லாவற்றையும் இழந்து நாட்டைவிட்டு வெளியேறுவது வரை செல்கிறது. இந்தியாவில் பிறந்த கனடிய இயக்குநர் தீபா மேத்தா அதைப் படமாக்கினார். 2020 டிசம்பரில் 'அரே' அதை எடுத்துக்கொண்டு நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளியிட்டது. படம் வெளிவரும் முன்பே கனடாவிலும் பிற நாடுகளிலும் உள்ள ஈழத்தமிழர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. முதன்மைப் பாத்திரங்களில் பெரும்பாலும் தமிழரல்லாதவர்கள் நடித்தார்கள். அவர்கள் பேசிய தமிழ், தமிழ் காதில் விழுந்து வளர்ந்த எவருக்கும் பொறுக்க முடியாததாக இருந்தது. ஒரு மக்கள் கூட்டம் தன் மொழிக்காகவும் அடையாளத்துக்காகவும் கொல்லப்பட்டதைச் சொல்லும் படத்தில், அந்த மொழியே சிதைந்து வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எத்தகைய வலி என்பதை நான் விளக்கத் தேவையில்லை என்று எண்ணுகிறேன். நடிகர் தேடலில் இருந்த சிரமங்களை இயக்குநர் தரப்பு விளக்கியது. அந்த விளக்கம் என்னை நிறைவு செய்யவில்லை.

கறுப்பினக் கதையில் கறுப்பின நடிகர்கள், கறுப்பின ஒளிப்பதிவாளர், கறுப்பின எழுத்தாளர் வேண்டும் என்று சரியாகவே வலியுறுத்தும் ஓர் அமைப்பு, தமிழ்க் கதை என்று வரும்போது அதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டாமா? டுவர்னேயின் பணியை நான் மதிக்கிறேன். மதிப்பதனால்தான் இதைக் கேட்கிறேன்.

கார்முகில் எழுதியது:

யாழ்நிலவன் அவர்களின் கேள்வி மிக முக்கியமானது. இந்த விவாதத்தின் நடுவில் இருக்க வேண்டியது. படத்தை எடுத்தது 'அரே' அல்ல, எடுத்து முடித்த படத்தை வெளியிட்டது என்ற வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வேறுபாட்டை நான் கேடயமாகப் பயன்படுத்தப் போவதில்லை. எந்தப் படத்தை எடுத்துக்கொள்வது என்பதுதான் விநியோக அமைப்பின் ஒரே படைப்புத் தீர்மானம். அதில் அதன் கொள்கை தெரிய வேண்டும்.

எனக்குத் தோன்றும் காரணம் ஒன்று உண்டு. அமெரிக்கத் திரைத்துறையில் சேர்ப்பு பற்றிய பேச்சு 'வெள்ளையர்' என்றும் 'வெள்ளையரல்லாதவர்' என்றும் இரண்டு பெரிய பிரிவுகளாக நடக்கிறது. தெற்காசியப் பெண் இயக்குநர், தெற்காசிய நடிகர்கள், தற்பால் ஈர்ப்பு பற்றிய கதை என்று பார்க்கும்போது எல்லாத் தகுதிகளும் நிறைவேறிவிட்டதுபோல் அங்கிருந்து தெரிகிறது. அந்தப் பெரிய பிரிவுக்குள்ளேயே ஒடுக்கியவர்களும் ஒடுக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள், சிங்களரும் தமிழரும் இருக்கிறார்கள், ஆதிக்க சாதியினரும் தலித்துகளும் இருக்கிறார்கள் என்பது தொலைவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் புலப்படுவதில்லை. யாருடைய கதையோ அவர்களைக் கேட்காமல் எடுத்த முடிவு என்றே 'ஃபன்னி பாய்' விஷயத்தில் நானும் கருதுகிறேன். தமிழர்கள் எழுப்பிய எதிர்ப்பு டுவர்னே முன்வைக்கும் கொள்கைக்கு எதிரானது அன்று. அந்தக் கொள்கையைக் கடைசிவரை கொண்டுசெல்லும்படி கேட்டது.

திரைநோக்கன் எழுதியது:

வேலைவாய்ப்பைப் பற்றி இவ்வளவு பேசிய பிறகு, அவருடைய கலையின் உச்சமாக நான் கருதும் 'செல்மா'வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவலர்கள் தாக்கினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தானது. 2014-இல் வந்த படம் இந்தச் சில மாதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மார்ட்டின் லூதர் கிங்கின் உரைகளைப் படத்தில் பயன்படுத்தும் உரிமை ஏற்கெனவே வேறிடத்துக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. கிங்கைப் பற்றிய படத்தில் கிங்கின் சொற்களைப் பயன்படுத்த முடியாது என்ற நிலையில், டுவர்னே அந்த உரைகளின் ஓட்டத்தையும் தேவாலயச் சொற்பொழிவின் ஏற்ற இறக்கத்தையும் உள்வாங்கி, புதிய உரைகளைத் தாமே எழுதினார். திரையரங்கில் அமர்ந்து கேட்கும்போது அவை கிங்கின் சொற்கள் அல்ல என்ற எண்ணமே வருவதில்லை. திரைக்கதையை அவர் பெருமளவு திருத்தி எழுதியும், ஒப்பந்தத்தின்படி எழுத்தாளர் பெயரில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

அவர் செய்த இன்னொரு முக்கியமான மாற்றம் போராட்டத்தில் இருந்த பெண்களை முன்னே கொண்டுவந்தது. வாக்காளராகப் பதிவு செய்ய வரிசையில் நின்று மறுக்கப்படும் ஆனி லீ கூப்பர், அமெலியா பாயின்டன், டயேன் நாஷ், கொரெட்டா கிங் ஆகியோர் அங்கே ஒரு தலைவரின் பின்னால் நிற்கும் கூட்டமாக இல்லாமல், முடிவெடுப்பவர்களாக இருக்கிறார்கள். கறுப்பு நிறத் தோலை இருட்டில் எப்படி ஒளிப்பதிவு செய்வது என்பதில் பிராட்ஃபோர்ட் யங் காட்டிய அக்கறை தனியாகப் பேசத்தக்கது. 'மிடில் ஆஃப் நோவேர்' முதல் டுவர்னேயோடு வந்த அவர், பின்னர் 'அரைவல்' படத்துக்காக ஒளிப்பதிவு ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கரானார்.

குடியரசுத் தலைவர் ஜான்சனைத் தயக்கம் உள்ளவராகக் காட்டியது வரலாற்றுக்குப் புறம்பானது என்று அவருடைய உதவியாளராக இருந்த ஒருவர் எழுதியதால் பெரும் சர்ச்சை எழுந்தது. கறுப்பின மக்களை ஒரு வெள்ளையர் வந்து மீட்பதாகச் சொல்லும் 'வெள்ளை மீட்பர்' படத்தைத் தாம் எடுக்க விரும்பவில்லை என்பதே டுவர்னேயின் நிலைப்பாடு. நான் இதில் இருபக்கமும் நியாயம் காண்கிறேன். ஜான்சனைப் பற்றிய குறை ஓரளவு சரி. ஆனால் எத்தனையோ வரலாற்றுப் படங்கள் கறுப்பினத் தலைவர்களை ஓரமாக நிறுத்தியபோது எழாத அந்தத் துல்லியப் பற்று இங்கே மட்டும் ஏன் எழுந்தது என்ற கேள்வியும் சரி. 'செல்மா' சிறந்த படம், சிறந்த பாடல் என்ற இரண்டே ஆஸ்கர் பரிந்துரைகளைப் பெற்று, பாடலுக்கு மட்டும் விருது பெற்றது. இயக்குநருக்குப் பரிந்துரை இல்லை. அந்த ஆண்டு நடிப்புக்குப் பரிந்துரைக்கப்பட்ட இருபது பேரும் வெள்ளையர்கள். அதிலிருந்து எழுந்த கண்டனமும், மறு ஆண்டும் அதே நிலை நீடித்ததும் சேர்ந்துதான் 2016-இல் ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாதெமி தன் உறுப்பினர் சேர்க்கையை மாற்றப்போவதாக அறிவிக்க வைத்தன. 2020-இல் டுவர்னே அதே அகாதெமியின் ஆளுநர் குழுவுக்கு இயக்குநர்கள் பிரிவிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மருதமரம் எழுதியது:

திரைநோக்கன் அவர்கள் 'மிடில் ஆஃப் நோவேர்' பற்றிச் சொன்னதிலிருந்து ஒரு நூலைப் பிடித்துக்கொள்கிறேன். சிறையில் இருப்பவரின் மனைவியிடமிருந்து தொடங்கியவர், நான்கு ஆண்டுகள் கழித்து அந்தச் சிறை எப்படிக் கட்டப்பட்டது என்ற கேள்விக்குப் போனார். 2016-இல் வந்த '13த்' ஆவணப்படம் அதுதான். அடிமைமுறையை ஒழித்த 13-ஆம் அரசியல் சட்டத் திருத்தத்தில், குற்றத்துக்கான தண்டனையாக இருந்தால் தவிர என்ற விலக்கு இருக்கிறது. அந்த விலக்கின் வழியாக 1865-க்குப் பிறகு கறுப்பின மக்கள் எப்படி மீண்டும் கட்டாய உழைப்புக்குள் தள்ளப்பட்டார்கள் என்பதில் தொடங்கி, 1970-இல் சுமார் மூன்றரை லட்சமாக இருந்த சிறைவாசிகளின் எண்ணிக்கை 2014-இல் 23 லட்சமானது வரை படம் செல்கிறது. சிறை ஒழிப்புக்காகப் போராடும் ஏஞ்சலா டேவிஸ் பேசுகிறார். எதிர்முகாமான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நியூட் கிங்ரிச்சும் பேசுகிறார். தம் கருத்துக்கு மாறானவர்களையும் கேமராவின் முன் அமர்த்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டபிறகு தம் வாதத்தை வைக்கும் நேர்மை எனக்குப் பிடித்தது. நியூயார்க் திரைப்பட விழா ஓர் ஆவணப்படத்தோடு தொடங்கியது அதுவே முதல்முறை.

2019-இல் வந்த 'வென் தே சீ அஸ்' தொடர் இதன் அடுத்த பகுதி. 1989-இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் நடந்த தாக்குதலுக்காகப் பொய்யாகத் தண்டிக்கப்பட்டு, 2002-இல் குற்றமற்றவர்கள் என விடுவிக்கப்பட்ட ஐந்து சிறுவர்களின் கதை. அவர்களில் ஒருவர் டுவர்னேக்கு ட்விட்டரில் எழுதிக் கேட்டதிலிருந்து அந்தப் பணி தொடங்கியது. முன்னாள் அரசு வழக்கறிஞர் ஒருவர் தம்மைத் தவறாகச் சித்திரித்ததாகத் தொடுத்த அவதூறு வழக்கு 2024-இல் விசாரணைக்கு முன் சமரசத்தில் முடிந்தது. 'செல்மா'வில் எழுந்த அதே கேள்வி இங்கேயும் எழுந்தது. உயிரோடிருப்பவர்களைப் பற்றி நாடகமாக எடுக்கும்போது கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதைப் பார்வையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன். சமரசத்தின் பகுதியாக அப்படியொரு குறிப்பு எபிசோடுகளின் தொடக்கத்துக்கு மாற்றப்பட்டதும் நல்லதே.

வழித்துணை எழுதியது:

செங்காந்தள் அவர்களின் பதிலுக்கு நன்றி. அடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே விதி வைப்பது என்ற விளக்கம் எனக்குப் பயன்பட்டது. டுவர்னேயின் 'ஆரிஜின்' படத்தைப் பார்த்தவர்கள் யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். அம்பேத்கர் வருகிறார் என்று கேள்விப்பட்டேன்.

நீலவானம் எழுதியது:

வருகிறார். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தபோது, யாழ்நிலவன் தோழரின் கேள்விக்கு ஓரளவு பதில் அந்தப் படத்தில் இருக்கிறது என்று தோன்றியதால்தான் எழுத வந்தேன்.

இசபெல் வில்கர்சன் 2020-இல் எழுதிய 'காஸ்ட்' (சாதி) என்ற நூல், அமெரிக்க இனவெறியையும் இந்தியச் சாதியையும் நாஜி ஜெர்மனியையும் ஒரே அமைப்பின் மூன்று வடிவங்களாக ஆராய்கிறது. அதில் கதை கிடையாது. டுவர்னே அந்த ஆய்வை எழுதும் பெண்ணையே கதாநாயகியாக்கினார். கணவனையும் தாயையும் அடுத்தடுத்து இழந்த துக்கத்தினூடே அவர் நாடு நாடாகப் போய்க் கேட்டு எழுதுவதுதான் படம். 2023-இல் வெனிஸ் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் இது இடம்பெற்றபோது, டுவர்னே அந்தப் போட்டிக்கு வந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இயக்குநரானார். நெட்ஃபிளிக்ஸில் தொடங்கிய திட்டம் அங்கிருந்து வெளியே வந்து, ஃபோர்டு அறக்கட்டளை போன்ற நிறுவனங்களின் பணத்தில் எடுக்கப்பட்டது. சாதியைப் பற்றிய இப்படியொரு படத்துக்கு வழக்கமான வழியில் பணம் கிடைக்காது என்பதை ஏற்றுக்கொண்டு வேறு வழி தேடியதில், முதல் படத்துக்காக விநியோக அமைப்பையே கட்டிய அதே டுவர்னேயைப் பார்க்கிறேன்.

படத்தின் குறையையும் சொல்லிவிடுகிறேன். விளக்கவுரை அதிகம். சில இடங்களில் பாத்திரங்கள் ஒருவருக்கொருவர் பேசாமல் நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். மூன்று நாட்டு வரலாற்றை ஒரே சட்டகத்தில் அடக்கும்போது சாதியின் தனித்தன்மைகள், குறிப்பாகச் சாதிக்குள்ளேயே மணம் செய்யவைக்கும் அகமணமுறைக்குள் இருக்கும் வன்முறை, மேலோட்டமாகவே வருகிறது. ஆனால் கையால் மலம் அள்ளும் மனிதர் சாக்கடைக்குள் இறங்கும் காட்சியை ஓர் அமெரிக்கப் படம் கண்ணை விலக்காமல் காட்டியது எனக்கு மிகப் பெரிய விஷயம். நம் படங்களே பல ஆண்டுகள் காட்டத் தயங்கிய காட்சி அது.

'செல்மா'வோடு இதற்கு உள்ள தொடர்பையும் கவனிக்க வேண்டும். 1965 ஜூலை 4 அன்று, அதாவது செல்மா பாலத்தில் நடந்தவர்கள் தாக்கப்பட்ட அதே ஆண்டில், கிங் அட்லாண்டாவில் தம் தேவாலயத்தில் ஆற்றிய உரையில் தம் இந்தியப் பயணத்தை நினைவுகூர்ந்தார். கேரளத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் படிக்கும் பள்ளிக்குச் சென்றபோது, தலைமையாசிரியர் தம்மை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்ததாகவும், முதலில் அதிர்ந்ததாகவும், பிறகு அது உண்மை என்று உணர்ந்ததாகவும் சொன்னார். வில்கர்சன் இந்த நிகழ்ச்சியைத் தம் நூலில் எடுத்தாள்கிறார். ஆக, 'செல்மா'விலிருந்து 'ஆரிஜின்' வரையிலான பாதை டுவர்னே வலிந்து போட்டது இல்லை. கிங்கே அந்த வழியாக நடந்திருக்கிறார்.

இனி நடிகர் தேர்வுக்கு வருகிறேன். நாயகிக்குச் சாதியை விளக்கும் அறிஞராக, 'காஸ்ட் மேட்டர்ஸ்' எழுதிய தலித் ஆய்வாளர் சூரஜ் எங்டே தாமாகவே தோன்றுகிறார். அம்பேத்கராக நடித்தவர் தொழில்முறை நடிகர் அல்லர். சாதி எதிர்ப்பு ஆய்வாளரும் கவிஞருமான சமூகவியல் பேராசிரியர் கௌரவ் பதானியா. பெயர்பெற்ற இந்தி நடிகர் ஒருவரை அழைத்திருந்தால் இங்கே விற்பனைக்கு எளிதாக இருந்திருக்கும். 'ஃபன்னி பாய்' வெளியாகி மூன்று ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்தில் அவர் இந்த முடிவை எடுத்திருக்கிறார். தமிழர்களின் எதிர்ப்பு அவர் காதில் விழுந்ததா என்பது பற்றி நான் ஊகிக்கப் போவதில்லை. யாருடைய கதையோ அவர்களிடமே கேட்க வேண்டும் என்று கார்முகில் சொன்னாரே, 'ஆரிஜின்' படத்தின் இந்தியப் பகுதியில் அது நடந்திருக்கிறது. 'ஃபன்னி பாய்' படத்தில் நடக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு யாழ்நிலவன் தோழர் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.